கண்மாய்க்கும் கடல் சேதி வேண்டும்

ராஜபாளையத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? மழைதான்! ஐப்பசியில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கண்மாய்களை நிரப்பும் மழை வங்கக் கடலிலிருந்து வருகிறது.

கடலின் சூட்டை அளக்க உலகெங்கும் ஏறத்தாழ 4,000 'ஆர்கோ' மிதவைகள் உலவுகின்றன. 2,000 மீட்டர் ஆழம்வரை மூழ்கி, 10 நாளைக்கு ஒரு முறை மேலே வந்து செயற்கைக்கோளுக்குக் கணக்குச் சொல்கின்றன. ரகசியம் கிடையாது, யாரும் எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவில் இதைக் கவனிப்பது ஐதராபாத்தில் 1999-ல் அமைந்த 'இன்காயிஸ்' நிலையம்.

மீன் எங்கே கிடைக்கும் என்று மீனவருக்கு அது தமிழிலேயே சொல்கிறது. நல்ல காரியம். கண்மாய்ப் பாசன விவசாயி மட்டும் எண்ணையும் படத்தையும் வைத்துக்கொண்டு என்ன செய்வார்? 2023 டிசம்பரில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறக்கவில்லை. நாற்றுப் பாவுவதா, கரையைப் பலப்படுத்துவதா? கடல் சொன்னதை ஊர்ச் சாவடியில், ஊர்ப் பேச்சில், மழைக்கு முன்பே சொல்ல அரசு ஏற்பாடு செய்யட்டும்.