ஐப்பசியில் எந்த இலை உதிர்கிறது?

அண்மைக்காலமாகத் தமிழில் பெருகிவரும் தனிநடைக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறோம். முதுகுப்பை, மழைச்சட்டை, துணையற்ற மனம், வடக்கு நோக்கிய ஒரு பாதை என்று அவற்றின் சட்டகம் ஏறத்தாழ ஒன்றே. அதில் நமக்குப் பிணக்கில்லை. அக்டோபர் மாதத்து மேற்குத்தொடர்ச்சி மலையை 'இலையுதிர் காலம்' என்று கூசாமல் எழுதிச் செல்லும் அந்த ஒரு சொல்லோடுதான் நம் சண்டை.

ஸ்வீடனின் வடகோடியில் அபிஸ்கோவிலிருந்து ஹேமாவன் வரை ஏறத்தாழ 440 கிலோமீட்டர் நீளும் குங்ஸ்லேதன் பாதையில், செப்டம்பர் தொடக்கத்தில் பூர்ச்ச மரங்கள் மஞ்சளாகின்றன. அம்மாதம் முடிவதற்குள் வழித் தங்கல்குடில்கள் பெரும்பாலும் மூடப்பட்டுவிடும். அங்கே தனியே நடக்கத் திட்டமிடுபவன் இலையின் நிறத்தையும் குடிலின் கதவையும் சேர்த்தே கணக்கிடுகிறான். பருவத்தின் பெயர் அவனுக்கு அலங்காரமன்று, தகவல். அந்தப் பெயரை மட்டும் பெயர்த்தெடுத்து வந்து நம் மலையில் ஒட்டுவதை எப்படி ஏற்பது?

நம் மரபில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். தொல்காப்பியம் அதைக் குறிஞ்சிக்கு உரிய பெரும்பொழுதாக வகுத்தது. நக்கீரர் நெடுநல்வாடை பாடியதும் அந்தக் குளிர்மழைப் பொழுதைத்தான். சங்கரன்கோவில் வட்டாரத்தில் வேம்பும் அரசும் இலை கொட்டுவது மாசி, பங்குனியில், அதாவது பின்பனியில். தொல்காப்பியம் பின்பனியைச் சேர்த்தது பாலையோடு. பிரிந்து தனியே வழிநடப்பவனின் திணையும் அதுவேயல்லவா! நான்கு பருவ ஆங்கிலப் பாடநூலை மனப்பாடம் செய்த தலைமுறைக்கு (நாமும் அத்தலைமுறையே) இது மறந்துபோயிற்று.

'வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கல்தானே' என்று நண்பர்கள் சிலர் சிரிக்கக்கூடும். நம்மில் ஒருவர் அப்படித்தான் சிரித்தார். ஆங்கிலக் கையேடு ஒன்றின் பொருட்பட்டியலை வரிபிசகாமல் பின்பற்றி, ஓர் ஐப்பசி விடியலில் சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் நோக்கித் தனியே புறப்பட்டார். தார்ச்சாலையைத் தவிர்த்து வண்டித்தடம் வழியே போவதாகத் திட்டம். இரவு பெய்த மழையில் கரிசல் குழைந்திருந்தது. நூறடிக்கொரு தரம் காலணியில் அப்பிய மண்ணைக் குச்சியால் வழித்தெறிந்துகொண்டே போனவர், கரிவலம்வந்தநல்லூரில் பேருந்து ஏறித் திரும்பிவிட்டார். ஐப்பசிக் கரிசலில் இறங்காதே என்று எந்தச் சம்சாரியும் சொல்லியிருப்பார். கேட்கத்தான் இல்லை.

அவருடையது வேடிக்கையாக முடிந்தது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழ் நாட்காட்டிப்படி அது மாசியின் இறுதி. உண்மையான இலையுதிர்வின் நாட்கள்: புல் காய்ந்து, சருகு மூடிக் கிடக்கும் நாட்கள். அக்டோபர் மழைக்கு 'இலையுதிர்' என்று பெயர் சூட்டிய நம் எழுத்தில், மார்ச் வெறும் 'கோடை விடுமுறைக்கு முந்தைய மாதம்'. உயிரிழந்தோர்மீது பழி போடுவது நம் நோக்கமன்று. மலையைப் பற்றி எழுதுகிறவர்கள் மலைக்குரிய எச்சரிக்கையைச் சொல்லில் வைத்திருந்தார்களா என்பதே கேள்வி.

அரசு நிர்வாகத்துக்கு இக்கணக்கு ஓரளவு புரிந்திருக்கிறது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய தமிழக அரசின் மலையேற்றத் திட்டம், 2025இல் காட்டுத்தீப் பருவம் வந்ததும் நிறுத்தி வைக்கப்பட்டது. அதில் வழிகாட்டியின்றிச் செல்லவும் இயலாது. ராஜபாளையம், திருவில்லிபுத்தூருக்கு மேற்கே உயர்ந்து நிற்கும் மலையோ 2021இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம். அனுமதியின்றித் தனியொருவர் நுழைய முடியாது. ஆக, இங்கிருந்து வடக்கே தனியே நடப்பவருக்கு வாய்ப்பது மலையன்று, மலையை இடக்கைப் புறம் பார்த்தபடி போகும் கரிசல்வெளி. அது குறைந்த அனுபவம் என்று எவர் சொன்னது?

பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் தைப்பூசத்துக்கென்று நடக்கிறார்கள். மழை ஓய்ந்து, வெயில் ஏறாத முன்பனி அது. அவர்கள் எவரும் பயணக்கட்டுரை எழுதுவதில்லை. கரிவலம்வந்தநல்லூரில் திரும்பிய நம் நண்பர் இம்முறை தையில்தான் கிளம்புகிறார். கையேட்டை வீட்டிலேயே விட்டுச் செல்வதாகச் சொல்கிறார். மழைச்சட்டையை மட்டும் விடமாட்டாராம்.