டென்ட்டுக்குள் நீங்கள்... சைக்கிள் எங்கே?

பிரான்ஸில் லுவார் நதியை ஒட்டி சுமார் 900 கி.மீ நீளத்துக்கு ஒரு சைக்கிள் பாதை இருக்கிறது. பெயர், 'லுவார் ஆ வேலோ'. பகலெல்லாம் பெடல் மிதித்து, கோட்டைகளையும் திராட்சைத் தோட்டங்களையும் ரசித்துவிட்டு, இரவில் ஆற்றங்கரை கேம்ப்சைட்டில் டென்ட் அடிக்கலாம். சரி, சைக்கிளை எங்கே விடுவது?

அதற்குத்தான் 'அக்கேய் வேலோ' முத்திரை. இந்தப் பலகை மாட்டிய தங்குமிடங்கள் பாதையிலிருந்து 5 கி.மீ-க்குள் இருக்க வேண்டும். சைக்கிளைப் பத்திரமாக வைக்க இடமும், ரிப்பேர் கருவிகளும் தர வேண்டும். அந்த இடம் பூட்டுப் போட்ட அறையா, வெறும் கூரையா என்று புக் செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

இரவைவிடப் பயப்பட வேண்டியது, பகலில் கடைக்குள் நுழையும் அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான். மொத்தக் குடித்தனமும் சைக்கிள் மேல் அல்லவா இருக்கிறது! இருவர் என்றால் ஒருவர் வெளியே நிற்கலாம். தனியாகப் போகிறவர்கள் பாஸ்போர்ட், பணம் இருக்கும் பையையாவது கழற்றித் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் பூட்டினால், திரும்பி வரும்போது சக்கரம் மட்டும்தான் இருக்கும். ஃபிரேமையும் சேர்த்து, அசையாத கம்பியில் பூட்டுங்கள்.

பிரான்ஸில் கடைகள் விற்கும் புது சைக்கிள்களுக்கு, சிறுவர் சைக்கிள் தவிர, 2021 முதல் அடையாள எண் கட்டாயம். எங்கே வாங்கிய சைக்கிளாக இருந்தாலும், ஃபிரேமில் உள்ள எண்ணைக் கிளம்பும் முன்பே போட்டோ எடுத்து, வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். போனும் சேர்ந்து தொலைந்தால்?