வலைப்பூக்களின் வரவேற்பை அளத்தல்: எண்ணும் ஆய்வுச் சான்றும்

தமிழ் வலைப்பூக்கள் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளில் ஆய்வுப்பொருளாக இடம்பெற்றுவிட்டன. இத்தகைய ஆய்வில் தரவுகளைத் தெரிவு செய்யும்போது, 'வாசகரிடையே வரவேற்புப் பெற்ற வலைப்பூக்கள்' என்னும் வரையறை கைக்கொள்வதற்கு எளிதாகத் தோன்றும். வருகையாளர் எண்ணிக்கை, தரவரிசை, பின்னூட்டங்களின் தொகை ஆகியன அவ்வரவேற்பிற்குரிய சான்றுகளாக முன்வைக்கப்படலாம். ஆயின், அவ்வெண்கள் எதனை அளந்தன என்பதை விளக்காமல் அவற்றைச் சான்றாகக் கொள்வது ஆய்வுநெறிக்குப் பொருந்தாது என்பதே இக்கருத்துரையின் நிலைப்பாடு.

வருகைக் கணிப்பான் ஒரு பக்கம் எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதையே பதிவு செய்கிறது. எத்தனை பேர் அதனைப் படித்தனர் என்பதை அன்று. பிளாக்கர் தளத்தில், தம் வருகையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் எனப் பதிவர் அமைத்துக்கொள்ளாவிடின், அவர் தம் பக்கத்தைத் திறப்பதும் எண்ணிக்கையில் சேரும். தேடுபொறிகளின் தானியங்கி நிரல்களும் வருகையாளராகக் கணக்கிடப்படுவதுண்டு. மறுபுறம், கூகுள் ரீடர் போன்ற செய்தியோடை வாசிப்பான்களில் இடுகையை முழுமையாகப் படித்தோர் இக்கணக்கில் இடம்பெறவில்லை. கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய எண்களையும் பிந்தைய எண்களையும் ஒருங்கே வைத்து ஒப்பிட்டால், வாசிக்கும் முறையில் நிகழ்ந்த மாற்றம் வரவேற்பின் ஏற்ற இறக்கமாகத் தோன்றிவிடும்.

தரவரிசைகளின் நிலையும் இத்தகையதே. அமேசான் நிறுவனத்தின் அலெக்சா தரவரிசை, குறிப்பிட்ட கருவிப்பட்டையையோ உலாவி நீட்சியையோ நிறுவியிருந்தோரின் உலாவலைப் பெரிதும் சார்ந்து அமைந்த மதிப்பீடாகும். டெக்னோரட்டி, ஒரு காலகட்டத்தில், முந்தைய ஆறு மாதங்களில் ஒரு வலைப்பூவிற்கு இணைப்பு வழங்கிய பிற வலைப்பூக்களின் எண்ணிக்கையைச் செல்வாக்கின் அளவாகக் கொண்டது. இதன்படி, முன்பு பலராலும் சுட்டப்பட்ட பதிவர் ஒருவர் சில மாதங்கள் எழுதாதிருப்பின் அவரது மதிப்பு சரியக்கூடும். டெக்னோரட்டியின் வலைப்பூ வரிசை 2014இலும் அலெக்சா தரவரிசை 2022 மே 1 அன்றும் முடிவுக்கு வந்தன. எனவே, அவற்றிலிருந்து எடுத்தாளப்பட்ட எண்களை இன்று அத்தளங்களில் சரிபார்க்க இயலாது.

தமிழ்ச் சூழலில் வாசகரைப் பதிவர்களிடம் கொண்டு சேர்த்தவை திரட்டிகள். காசி ஆறுமுகம் 2004இல் தொடங்கிய தமிழ்மணம் இவற்றுள் முதன்மையானது. அண்மையில் பின்னூட்டம் பெற்ற இடுகைகளையும் அது பட்டியலிட்டுக் காட்டியமையால், பின்னூட்டம் என்பது வாசகர் கருத்தாக மட்டுமன்றி இடுகையை மீண்டும் கண்ணில்படச் செய்யும் வழியாகவும் ஆயிற்று. எண்ணிக்கையைக் கூட்டுவதற்கென்றே இடப்படும் பின்னூட்டங்களைப் பதிவர்களே 'பின்னூட்டக் கயமை' என எள்ளலாகக் குறித்தனர். 'மீ த பர்ஸ்ட்டு' என்னும் ஒற்றை வரியும் நீண்ட மறுப்புரையும் தொகையில் ஒன்றாகவே எண்ணப்படும். பின்னூட்டங்கள் மிகச் சிறந்த ஆய்வுத் தரவுகளே. ஆனால் அவை எண்ணப்படுவதைவிடப் படிக்கப்பட வேண்டியவை.

இச்சிக்கல் புள்ளிவிவர நுட்பம் சார்ந்தது மட்டுமன்று. கிளே ஷெர்கி 2003இல் 433 ஆங்கில வலைப்பூக்களை ஆராய்ந்து, அவற்றுள் முதல் 50 மட்டுமே மொத்த இணைப்புகளில் பாதியைப் பெற்றிருந்ததைக் காட்டினார். தெரிவு செய்யும் வாய்ப்புப் பெருகப்பெருகக் கவனம் சிலரிடமே குவியும் என்பது அவரது விளக்கம். இந்நிலையில் வரவேற்பை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் ஆய்வு, முன்பே கவனம் பெற்றவரை மீண்டும் கவனப்படுத்துகிறது. வட்டார வழக்குச் சொற்களையும் ஊர்ப்பெயர் வரலாற்றையும் சிலருக்காக மட்டும் எழுதிவந்த பதிவர் இலக்கிய வரலாற்றுக்கு வெளியே நின்றுவிடுகிறார். முத்தொள்ளாயிரத்தின் பாடல்கள் பெரும்பாலும் புறத்திரட்டு வழியாகவே நமக்குக் கிடைத்தன. திரட்டியவர் தெரிவு செய்யாத பாடல்களை நாம் இழந்தோம். வலைப்பூக்களைப் பொறுத்தவரை இன்றைய ஆய்வாளரும் அத்தகைய திரட்டாசிரியரின் இடத்திலேயே இருக்கிறார்.

அளவீட்டைக் கைவிட்டால் ஆய்வாளரின் தனிவிருப்பமே தெரிவை முடிவு செய்யும் என்னும் மறுப்பு நியாயமானது. ஆகவே அளவீட்டை விலக்குவதன்று, நெறிப்படுத்துவதே தேவை. முதலாவதாக, சுவடிப் பதிப்பாசிரியர் தாம் பயன்படுத்திய ஏட்டின் நிலையை விவரிப்பதுபோல, எண்ணை வழங்கிய கருவி, அது எண்ணிய பொருள், எடுக்கப்பட்ட நாள் ஆகியவற்றை ஆய்வேடு குறிப்பிட வேண்டும். இரண்டாவதாக, வருகை எண்ணிக்கையோடு பிற பதிவர்கள் சுட்டிய இடங்கள், நூலாக்கம் பெற்றமை போன்ற வேறு வகைச் சான்றுகளையும் இணைத்து நோக்க வேண்டும். மூன்றாவதாக, குறைந்த வருகையுடைய வலைப்பூக்களுக்கும் தரவுத் தொகுப்பில் ஒரு பங்கு ஒதுக்கப்பட வேண்டும். நான்காவதாக, ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இடுகைகளை இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் சேமித்து, அம்முகவரியையும் ஆய்வேட்டில் தருதல் வேண்டும்.

ஆய்வேடு அணியமாவதற்குள்ளாகவே வலைப்பூ ஒன்று மறைந்துபோகலாம். அந்நிலையில் எண் மட்டும் எஞ்சிப் பனுவல் எஞ்சாதிருப்பின், அவ்வெண்ணால் பிற்கால ஆய்வாளர் அறியக்கூடியது ஏதுமில்லை. ஆய்வேடுகளை மதிப்பிடுவோர் வரவேற்பின் அளவைக் கேட்பதற்கு முன், அளந்த முறையையும் காக்கப்பட்ட பனுவலையும் கேட்பது தமிழ் இணைய இலக்கிய ஆய்விற்கு உறுதியான அடித்தளமாக அமையும்.