பெயரை மறைக்கிறார்கள், சாதியை அல்ல

2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் கவின் செல்வகணேஷ் வெட்டிக் கொல்லப்பட்டார். பட்டியல் சாதியைச் சேர்ந்த மென்பொறியாளர். ஆதிக்க இடைநிலைச் சாதிப் பெண்ணைக் காதலித்தவர். கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணின் தம்பி. தானே போய்ச் சரணடைந்தார். அதாவது, கொலையில் முகமூடி இல்லை. முகமூடிகள் பிறகுதான் வந்தன. குற்றம்சாட்டப்பட்டவரை வீரனாக்கி, படத்தோடு பாட்டைச் சேர்த்து ரீல்ஸ் போட்ட பெயரில்லாக் கணக்குகளை நெல்லையில் கைபேசி வைத்திருக்கும் யாரும் பார்த்திருப்பார்கள்.

இப்படி நடக்கும்போதெல்லாம் ஒரு யோசனை சொல்லப்படும்: 'உண்மைப் பெயர் இல்லாமல் கணக்கே தொடங்க முடியாதபடி செய்யுங்கள், எல்லாம் அடங்கிவிடும்.' சமூக ஊடகக் கணக்குகளோடு ஆதாரை இணைக்கக் கேட்டு 2018இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கே போடப்பட்டது. சாதி எதிர்ப்பு அரசியல் பேசும் தோழர்கள் சிலரும் இதை ஆமோதிக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

அந்தக் கணக்குகள் எதை மறைக்கின்றன என்று பாருங்கள். பெயரில் சாதிப் பட்டம் இருக்கும். முகப்பில் சாதித் தலைவர் படம், கொடியின் நிறம், பக்கத்தில் ஓர் அரிவாள். ஆள் யாரென்று தெரியாது; சாதி பளிச்சென்று தெரியும். நம் பள்ளிகளில் மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறும் இதே வேலையைத்தான் செய்கிறது. 2019இல் அந்தக் கயிறுகளுக்கு எதிராகப் பள்ளிக் கல்வித் துறை அனுப்பிய சுற்றறிக்கையை எதிர்ப்பு வந்ததும் அரசு கைகழுவியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் மறுபடியும் அந்தக் கயிற்றைத் தடைசெய்யச் சொல்ல வேண்டியிருந்தது.

பட்டியல் சாதி இளைஞரின் நிலை இதற்கு நேர் எதிர். அவருக்கு மறைக்க வேண்டியிருப்பது சாதியை. 'எந்த ஊரு, எந்தத் தெரு?' என்ற கேள்வி வாடகை வீட்டில், விடுதியில், வேலையில் எங்கும் துரத்துகிறது. வேறு பெயரில் ஒரு கணக்கு என்பது பலருக்கு வாய் திறக்கக் கிடைத்த முதல் இடம். 2017இல் ராயா சர்க்கார், பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு ஆளான பேராசிரியர்களின் பட்டியலை வெளியிட்டார். புகார் சொன்ன பெண்களின் பெயர்கள் அதில் இல்லை. பெயரைப் போட்டால்தான் ஆச்சு என்றிருந்தால் அந்தப் பட்டியலே வந்திருக்காது. என் ஆய்வேடு வழிகாட்டியின் ஒரு கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்த காலத்தில் நானும் வேறு பெயரில்தான் எழுதினேன். எல்லாருடைய முகமூடியையும் கழற்றச் சொன்னால், கழற்றியதும் அடிவாங்கப் போவது யார்?

சட்டம் இல்லாமலும் இல்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது பகையும் வெறுப்பும் தூண்டும் எழுத்தும் படமும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(u) பிரிவின்படி குற்றம். 18ஏ பிரிவின்படி, முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. 2022இல் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகள், வன்முறையைத் தூண்டும் நோக்கத்தோடு மத, சாதிப் பகையை வளர்க்கும் பதிவுகளுக்கு இடம் தராதபடி நிறுவனங்கள் முயற்சி எடுக்க வேண்டும் என்கின்றன. கணக்குக்குப் பின்னால் இருப்பவர் யாரென்று சட்டப்படி நிறுவனத்திடம் கேட்டுப் பெறக் காவல்துறைக்கு வழியும் இருக்கிறது. இல்லாதது மனம்தான். புதிதாக ஒரு மொட்டைச் சட்டம் கேட்காதீர்கள். 66ஏ பிரிவை 2015இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்யும் வரை, அரசியல்வாதியை விமர்சித்தவர்கள்மீதும் அது பாய்ந்தது.

நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது வேறொன்று. யூடியூப் தன் வெறுப்புப் பேச்சு விதிகளில் சாதியையும் சேர்த்திருக்கிறது. ஆனால் 'நாடகக் காதல்', 'ஆண்ட பரம்பரை' என்ற சொற்களில் ஒரு கெட்ட வார்த்தையும் இல்லை. ஓர் அரிவாள் படம் எப்போது விவசாயக் கருவி, எப்போது கொலை மிரட்டல் என்று எந்திரத்துக்குத் தெரியாது. தாமிரபரணிக் கரையில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியும். தமிழும் இங்குள்ள சாதிக் குறிகளும் தெரிந்த மனிதர்களை மட்டறுத்தல் வேலையில் அமர்த்தச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.

நம் வீட்டையும் பார்ப்போம். உறுப்பினர் போட்ட பதிவுக்காக, பொது நோக்கம் இல்லாத வாட்ஸ்அப் அட்மினைக் குற்றவாளியாக்க முடியாது என்று 2021 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. சரியான தீர்ப்பு. சட்டம் விட்டுவிட்டதால் நம் பொறுப்பு போய்விடாது. ஆதிக்கச் சாதியைத் திட்டுவதாக நினைத்து அந்த வீட்டுப் பெண்களைத் திட்டும் பதிவும், கொலையுண்டவரின் காதலியைக் கூண்டில் ஏற்றும் பதிவும் நம் குழுக்களில் நிற்கலாமா? இன்னொருவரின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் யார் போட்டாலும் நீக்க வேண்டாமா? விதி என்ன என்று முதலிலேயே எழுதி வைப்போம். நீக்கினால் ஏன் நீக்கினோம் என்று சொல்வோம். நம் ஆள், எதிராள் என்று பார்க்காமல் நீக்குவோம்.

வெறுப்புப் பதிவைப் பார்த்தால் பதிலுக்குத் திட்டிப் பரப்பாதீர்கள். இணைப்பு, தேதி, நேரத்தோடு படம்பிடித்து வைத்து, அதைக் கொண்டு நிறுவனத்திடமும் காவல்துறையிடமும் எழுத்தில் புகார் கொடுங்கள். புகார் கொடுத்த ரசீதை வாங்குங்கள்.

நம் குழுவுக்கு ஒரு மாணவி வேறு பெயரில் வந்து தயங்கித் தயங்கி முதல் வரி எழுதுவாள். 'நீ எந்த ஊரும்மா?' என்று அங்கே யாராவது கேட்டால், அவள் பதில் சொல்வதற்கு முன்னால் அந்தக் கேள்வியை நீக்குவதுதான் அட்மினின் வேலை.