வெட்டப்பட்டது குருதி அன்று

ஒரு திரைப்படம் வன்முறை மிகுந்தது என்று கேள்வியுற்றதும், அதில் எத்தனை பேர் மடிகின்றனர் என்று எண்ணத் தொடங்கிவிடுவோர் கல்வியுலகில் பலர் உளர். பிணங்களின் எண்ணிக்கை கூடினால் படம் தீயது, குறைந்தால் நல்லது. இந்த அளவுகோல் எத்துணைப் பொய்யானது என்பதைக் காட்ட, சாம் பெக்கின்பா இயக்கி 1969ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி வைல்ட் பஞ்ச்' என்னும் அமெரிக்கக் கௌபாய் படமும், திரையரங்கிலும் வீட்டுத் திரையிலும் அது பட்ட பாடுமே போதும்.

கதை 1913இல் நிகழ்கிறது. பைக் என்பவனின் தலைமையில், முதுமை எட்டிப் பார்க்கும் கொள்ளையர் சிலர் டெக்சஸ் எல்லையூர் ஒன்றில் இரயில்வே அலுவலகத்தைக் கொள்ளையிட வருகின்றனர். ஊர் முகப்பில் சிறுவர்கள் தேள்களை எறும்புக் கூட்டத்தின் நடுவே விட்டுச் சிரித்து மகிழ்கின்றனர். கொள்ளை பெருங்கொலையில் முடிகிறது. வழியே சென்ற பொதுமக்களும் மாள்கின்றனர். இத்தனைக்கும், கொள்ளையர் தூக்கிச் சென்ற பைகளில் இருந்தவை வெள்ளிக் காசுகள் அல்ல, வெறும் இரும்பு வளையங்கள்! மெக்சிகோவுக்குள் தப்பியோடிய அவர்கள், மாப்பாச்சே என்னும் படைத்தலைவனுக்காக அமெரிக்கப் படைக்கலங்களைத் திருடிக் கொடுக்கின்றனர். தங்கள் கூட்டாளியாகிய ஏஞ்சல் அவனிடம் சிக்கிச் சித்திரவதைப்படுவதைக் கண்டும் முதலில் வாளா இருக்கின்றனர். பின்னர் நால்வர் அவனை மீட்கச் செல்கின்றனர். அந்த நால்வருள் ஒருவரும் பிழைப்பதில்லை.

இப்படம் 145 நிமிடம் ஓடக்கூடியது. வெளியான சில வாரங்களுக்குள், இயக்குநர் உடனில்லாத வேளையில், அமெரிக்கத் திரையரங்குகளில் ஓடிய படிகளிலிருந்து ஏறத்தாழப் பத்து நிமிடம் வெட்டப்பட்டது. குருதிக் காட்சிகளே நீங்கியிருக்கும் என்றுதானே எவரும் நினைப்பர்? அதுதான் இல்லை. நீளம் குறைந்தால் நாளொன்றுக்குக் கூடுதல் காட்சி ஓட்டலாம் என்பது வணிகர் கணக்கு. துப்பாக்கிச் சண்டைகளோ கூட்டத்தை இழுப்பவை. அவற்றில் கை வைப்பார்களா?

கத்தரிக்கோலுக்கு இரையானவை வேறு. பைக்கைத் துரத்தி வரும் தோர்ன்டன் ஒருகாலத்தில் அவனுடைய உயிர்த்தோழன். பைக்கின் அசட்டையால் காவலர் இருவரையும் சூழ்ந்துகொள்ள, பைக் தப்பியோடுகிறான், தோர்ன்டன் சிறைப்படுகிறான். இந்த நினைவுக்காட்சி வெட்டப்பட்டது. பைக் கால் தாங்கி நடப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அவன் விரும்பிய பெண்ணை அவள் கணவன் சுட்டுக் கொன்று, அவனையும் காயப்படுத்தினான். அதுவும் வெட்டப்பட்டது. மாப்பாச்சேயைத் தோல்வியின் நடுவிலும் வீரம் குன்றாத மனிதனாகக் காட்டும் போர்க்காட்சியும், அவனை வியந்து நோக்கும் சீருடைச் சிறுவனும் மறைந்தனர். இறுதியில் பைக்கைச் சுட்டு வீழ்த்துவோருள் ஒருவனும் சீருடை அணிந்த சிறுவனே என்பதை எண்ணிப் பார்த்தால், அறுபட்ட இழை எதுவென்று விளங்கும்.

யாவற்றினும் கொடிய இழப்பு ஒன்றுண்டு. முதற்கொள்ளையில் ஓர் இளைஞனைப் பின்னே விட்டுவிட்டுப் பைக் ஓடிவருகிறான். பின்னர்ப் பாலைவனத்தில் முதியவர் சைக்ஸ், அவ்விளைஞன் தம் பெயரன் என்று கூறி, அவன் எவ்வாறு நடந்துகொண்டான் என்று கேட்கிறார். நன்றாகவே நடந்துகொண்டான் என்கிறான் பைக். விட்டுவிட்டு வந்ததைச் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. ஏஞ்சலை மீட்க அவன் சாவை நோக்கி நடப்பதன் வித்து இங்கேதான் விழுந்தது. இதனை நீக்கியோர் ஒரு துளிக் குருதியையும் குறைக்கவில்லை. அக்குருதிக்குரிய காரணத்தையே நீக்கினர். வழக்குரை காதையைக் கிழித்துவிட்டு மதுரை எரிவதை மட்டும் பாடமாக வைத்தால், மாணவர் கண்ணகியை என்னவென்று நினைப்பர்?

கூர்மையான பார்வையாளர் விடுபட்டதைத் தாமே ஊகித்துக்கொள்வர் என்று வாதிடுவோரும் உளர். ஒருவன் கால் தாங்கி நடப்பதைக் கண்டு காயம் பட்டவன் என்று ஊகிக்கலாம். அவன் நெஞ்சில் உறுத்துவது இன்னதென்று எங்ஙனம் ஊகிப்பது?

எண்ணிக்கை அளவுகோலின் கேலிக்கூத்து 1993இலும் அரங்கேறியது. முழுப்படத்தை மீண்டும் திரையிட விரும்பிய நிறுவனம் அதனை வயதுத் தரம் வழங்கும் அமைப்பிடம் அளித்தது. 1969இல் பெற்றோருடன் சிறுவரும் காணலாம் என்னும் 'ஆர்' தரம் பெற்றிருந்த படத்திற்கு, சிறுவர் எவரும் காணலாகாது என்னும் 'என்சி-17' தரம் வழங்கப்பட்டது! திரையீடு தள்ளிப்போயிற்று. மீண்டும் 'ஆர்' தரம் பெற்று 1995இல் படம் அரங்குகளுக்கு வந்தது. 1984இல் மறைந்த பெக்கின்பா அதனைக் காணவில்லை.

வீட்டுத் திரைக்கு வந்த கதை தனி. அகலத்திரைக்கென ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட் எடுத்த படம் அது. அத்தகைய படத்தைப் பழைய சதுரத் தொலைக்காட்சிப் பெட்டி நிறையுமாறு நறுக்கினால், அகலத்தில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் போய்விடும். ஏஞ்சலைக் கேட்டு நால்வரும் தோளோடு தோளாக நடந்து செல்லும் காட்சியில் எவரை வைத்துக்கொள்வது, எவரைத் தள்ளுவது? 1997இல் வந்த டிவிடி வட்டு முழுப்படத்தை அகலம் குன்றாமல் தந்தது. நடுவில் எழுந்து வட்டைத் திருப்பிப் போட வேண்டியிருந்தது என்பது சிறு தொல்லை. 2006இல் இரண்டு வட்டுகள் கொண்ட சிறப்புப் பதிப்பும், 2007இல் ப்ளூரே வட்டும் வந்தன. பத்து நிமிடத்தை வீசியெறிந்த அதே வணிகம், பின்னர் அதனையே அரும்பொருள் என விளம்பரப்படுத்தி விற்றது என்பதையும் சொல்லாமல் விட இயலாது.

இத்தொகுப்பைப் படிக்கும் ஆசிரியர் இது சிறுவர்க்குரிய படம் அன்று என்பதை அறிவார். ஆசிரியப் பயிற்சி பெறும் வயதினர்க்கே உரியது. அவர்களுக்குக் காட்ட முனைவோர் எந்தப் பிரதி கையில் உள்ளது என்று பாராமலே திரையை ஏற்றிவிடுவது முறையன்று. எல்லாம் முடிந்தபின் தோர்ன்டன் இறந்துகிடக்கும் பைக்கின் கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, பரிசுப் பணத்தைப் பற்றி நினையாதவனாய் வாயிலருகே அமர்ந்துவிடுகிறான். துரத்தி வந்த பகைவன் மாண்டபின் இவன் ஏன் மகிழவில்லை என்று ஒரு மாணவர் எழுந்து கேட்டால், வெட்டுண்ட பிரதியைக் காட்டிய ஆசிரியர் எக்காட்சியைச் சுட்டி விடை கூறுவார்?