ஆடிக்காற்றும் ஊர்ப் புகையும்

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்கிறதோ இல்லையோ, புகை பறக்கிறது. சேவுகம்பட்டிப் பக்கம் தோட்டத்துச் சருகுக்குத் தீ வைத்தால் கொஞ்ச நேரத்தில் புகை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். "காத்தோட போச்சு" என்பார்கள். சரி, எங்கே போச்சு?

திண்டுக்கல் சமவெளி மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவத்தில் இங்கே காற்று அதிகம், மழை குறைவு. அந்தக் காற்று புகையைக் கிழக்கே வங்கக்கடல் பக்கம் தள்ளுகிறது. கடல் மேலும் வட இந்தியா மேலும் எழும் பெரிய இடிமேகங்கள் கீழே உள்ள காற்றை இழுத்து, 12 கிலோமீட்டருக்கும் மேலே ஏற்றிவிடுகின்றன. தூசியில் பெரும்பகுதியை மழை கழுவிவிடும். தண்ணீரில் எளிதில் கரையாத வாயுக்கள் தப்பிவிடும். அங்கே, திபெத்தை ஒட்டிப் பருவகாலம் முழுக்கச் சுற்றும் மாபெரும் காற்றுச் சுழல் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

இது வெறும் ஊகம் இல்லை. விறகும் சருகும் எரியும்போது வரும் ஹைட்ரஜன் சயனைடு, பருவக்காற்று வழியாக ஸ்ட்ராடோஸ்பியர் வரை போவதை 2010-ல் செயற்கைக்கோள் தகவல்கள் காட்டின. 2011-ல், 13 முதல் 18 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மெல்லிய தூசிப்படலம் இருப்பது தெரிந்தது. 2014 முதல் இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து, திருப்பதி அருகே காதங்கி உள்ளிட்ட இடங்களிலிருந்து பலூன் அனுப்பி இதை அளந்தன. 2017-ல் காத்மாண்டுவிலிருந்து பறந்த ஆய்வு விமானம் அந்தப் படலத்தில் அம்மோனியம் நைட்ரேட்டைக் கண்டது. அதிலுள்ள அம்மோனியா பெரும்பாலும் யூரியா போட்ட வயலிலிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும் கிளம்புவது!

கவனியுங்கள். விறகு, சருகு, யூரியா, தொழுவம்... எல்லாமே கிராமத்துச் சமாச்சாரம். ஆனால் 2019-ல் மத்திய அரசு தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டம் நகரங்களுக்கானது. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி என நான்கே ஊர்கள். கிராமத்துக் காற்று தானாகவே சுத்தம் என்று நினைத்துவிட்டார்கள் போல.

சேவுகம்பட்டி ஒன்றின் பங்கு கடுகளவுதான். வட இந்தியச் சமவெளியின் பங்குதான் மலையளவு. ஆனால் அந்தச் சமவெளியும் லட்சக்கணக்கான கிராமங்கள்தானே! மேலே சேரும் தூசி, மேகம் உருவாவதையும் பூமிக்கு வரும் வெயிலையும் மாற்றக்கூடியது. பருவமழையை நம்பிப் பிழைக்கும் நாட்டுக்கு இது சின்ன விஷயமா?

பேரூராட்சிகளிலும் காற்றை அளக்கும் கருவி வேண்டும். சருகை எரிக்காமல் மட்க வைத்தால் உரமாகும். யூரியாவைத் தேவைக்கு மட்டும் போட்டால் காசும் மிச்சம். முதலில் விட வேண்டியது "காத்தோட போச்சு" என்ற பேச்சைத்தான்.