பசியாறும் நேரத்துப் பேச்சோடு முடிந்துவிடலாமா?

கடை அடைத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், காலை பத்து மணிக்கு மேல் இடியாப்பமும் பாயாவுமாகப் பசியாறக் கூடும் நண்பர்களிடையே பேச்சுக்குப் பஞ்சமில்லை. சென்னை மண்ணடியில் அண்மையில் அப்படிக் கூடிய வியாபாரிகளிடையே ஒரு வாக்குவாதம். 'இந்தியாவில் வட்டியில்லா வங்கி வருமா, வராதா?'

"மதச்சார்பற்ற நாட்டில் இதைக் கேட்பதே சரியில்லை" என்றார் ஒருவர். "அரசு தராது. நாமே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நடத்துவோம்" என்றார் ஓர் இளைஞர். "வட்டி இல்லாமல் இந்தக் காலத்தில் வியாபாரமா?" என்று சலித்துக்கொண்டார் மூன்றாமவர். மூன்றுமே நம் சமுதாயத்தில் அன்றாடம் கேட்கும் குரல்கள்தாம். மூன்றுக்கும் பதில் உண்டு.

கேட்பது சலுகையா?

பின்னாளில் ரிசர்வ் வங்கி ஆளுநரான ரகுராம் ராஜன் தலைமையிலான குழு, வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரவலாக்க வேண்டும் என்று 2008லேயே பரிந்துரைத்தது. 2015இல் ரிசர்வ் வங்கியின் தீபக் மொஹந்தி குழு, வழக்கமான வங்கிகளிலேயே இதற்கெனத் தனிப் பிரிவு திறக்கலாம் என்றது. இவர்கள் யாரும் முஸ்லிம் அமைப்பினர் அல்லர்! ஆயினும் இத்திட்டத்தைக் கைவிட்டதாக 2017இல் ரிசர்வ் வங்கி அறிவித்தது. வங்கிச் சேவை பெற எல்லோருக்கும் விரிவான, சமமான வாய்ப்பு இருக்கிறது என்பதே அது சொன்ன காரணம்.

சைவச் சாப்பாடு கேட்பவரிடம், 'கறிச்சோற்றை எல்லோருக்கும் சமமாகத்தானே பரிமாறுகிறோம்' என்று சொல்வது நியாயமா? முஸ்லிம்கள் நிறைந்த சில பகுதிகளைக் கடன் கொடுக்க ஏற்றவை அல்ல என்று சில வங்கிகள் ஒதுக்கி வைத்திருந்ததை 2006இல் சச்சார் குழு எடுத்துக்காட்டியதே! அந்தச் 'சமம்' எங்கே போனது?

மதச்சார்பின்மை வாதமும் நிற்காது. கேரள அரசு நிறுவனம் இஸ்லாமிய நிதி நிறுவனமொன்றில் பங்கு சேர்வதை எதிர்த்து சுப்பிரமணியன் சுவாமி தொடர்ந்த வழக்கை, அம்மாநில உயர் நீதிமன்றம் 2011இல் தள்ளுபடி செய்தது. பிரிட்டன் 2003இல் வரிச் சட்டத்தைத் திருத்தியது. 2004இல் அங்கே இஸ்லாமிய வங்கி திறக்கப்பட்டது. 2014இல் அந்த அரசே 20 கோடி பவுண்டுக்கு ஸுகூக் பத்திரம் வெளியிட்டது. நம் பக்கத்து இலங்கையில் 2011 முதல் அமானா வங்கி இயங்குகிறது.

இங்கே தடை எது? வட்டியில்லா வங்கி சரக்கை வாங்கி லாபம் வைத்து விற்கும். அல்லது தொழிலில் பங்காளியாகி லாப நஷ்டத்தை ஏற்கும். ஆனால் 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8ஆவது பிரிவு, வங்கிகள் சரக்கு வாங்கி விற்பதைத் தடுக்கிறது. இதைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு. ஓட்டுக் கேட்டு வருபவரிடம் நாம் இதைக் கேட்டிருக்கிறோமா?

'ஹலால் லாபம்' என்ற தூண்டில்

நாமே நடத்துவோம் என்ற இளைஞரின் ஆர்வம் பாராட்டுக்குரியது. ஆனால் பெங்களூருவில் ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019இல் சரிந்தபோது, 'ஹலால் லாபம்' என்று நம்பிப் போட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு முடங்கியதை மறக்கலாமா? தாடியும் தொப்பியும் கணக்குத் தணிக்கைக்கு ஈடாகாது. மாதந்தோறும் நிச்சய லாபம் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், "எந்த வியாபாரத்திலிருந்து? நஷ்டம் வந்தால் யாருக்கு?" என்று கேளுங்கள். நஷ்டத்தில் பங்கில்லாத நிச்சய வருமானம் வேறு பெயரில் வரும் வட்டிதானே? மேலும், முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களை 2019ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கிவிட்டது. எனவே கூட்டுறவுச் சட்டப்படி பதிவு செய்து, உறுப்பினர்களுக்குள் மட்டும் சேமித்து, ஆண்டுதோறும் தணிக்கை செய்து, கணக்கை எல்லோர் முன்பும் வைத்து நடத்துங்கள்.

நம் கல்லாவில் தொடங்குவோம்

வட்டியில்லாமல் வியாபாரமா என்று சலிக்கும் சகோதரரே! சிறு வியாபாரியிடம் சரக்கெடுத்துவிட்டு, கையில் பணமிருந்தும் மாதக்கணக்கில் இழுத்தடிப்பவர் யார்? அந்தச் சிறு வியாபாரி கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்பது யாரால்? வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநீதி என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். கடனை எழுதிக்கொள்ளச் சொல்கிறது திருக்குர்ஆன் (2:282). கஷ்டப்படுபவருக்கு அவகாசம் கொடுக்கவும் சொல்கிறது (2:280). வங்கி வட்டியை வாயார ஏசிவிட்டு இந்த இரண்டையும் கைவிடுவது எந்த வகையில் மார்க்கம்?

எனவே சகோதரர்களே! ஜமாஅத்துகளும் வியாபாரிகள் சங்கங்களும் சட்டத் திருத்தம் கோரி, உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் மனுக் கொடுங்கள். வட்டியில் சிக்கித் தவிக்கும் எல்லாச் சமூகத்து வியாபாரிகளுக்கும் உரிய கோரிக்கை இது. அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மனு டெல்லிக்குப் போகும் முன், உங்கள் கல்லாவில் தேங்கிக் கிடக்கும் பிறர் பணம் உரியவர் கைக்குப் போகட்டும். அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக!